சைக்கிள் பொறோவா, ஹயரா, ரெண்ட்டா? ஒரே அர்த்தம் போலத் தெரிகிற இங்கிலிஸ் சொற்களை எப்படிப் பிரித்து வைப்பது?

கோண்டாவில்_பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன விடுதியில் வேலை செய்கிறேன். ஆறு அறைதான், வெளிநாட்டு ஆட்களும், லண்டன், கனடாவில் பிறந்த எங்கட ஆட்களின் பிள்ளைகளும் வந்து தங்குவார்கள். இங்கிலிஸ் கதைக்க எனக்குப் பயமில்லை, ஓ/எல் பரீட்சையில் நல்ல பெறுபேறுதான். ஆனால் போன கிழமை நடந்த ஒரு விசயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். முதல் நாள் பின்னேரம் அந்த அம்மா வாசலில் நின்ற இரண்டு சைக்கிளையும் காட்டி, இதை நாங்கள் எடுக்கலாமோ என்று கேட்டா. நான் உடனே "யெஸ், யூ கேன் பொறோ" என்று சொல்லித் திறப்பையும் கொடுத்துவிட்டேன். எங்கள் கணக்கில் ஒரு சைக்கிளுக்கு ஒரு நாளைக்கு 1000 ரூபாய், அதைக் கடைசியில் பில்லோடு சேர்த்துப் போடுவதுதான் வழக்கம், அதனால் காசுக் கதையை நான் எடுக்கவில்லை. மூன்று நாளும் விடிய வெளிக்கிட்டு, பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய், கந்தரோடை பார்த்து, கீரிமலையில் குளித்து, சந்தோசமாகத்தான் வந்தார்கள். போகிற அன்று பில்லில் சைக்கிளுக்கு 6000 ரூபாய் என்று கண்டதும் அவருடைய முகம் மாறிவிட்டது. "நீங்கள் பொறோ என்றுதானே சொன்னீர்கள்" என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் நோகுது. அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. முதலாளி வந்து அந்தக் காசை எடுக்காமல் விட்டுவிட்டார், என்னையும் ஏசவில்லை. ஆனால் ஆசை காட்டி ஏமாற்றினேன் என்று நினைத்துக்கொண்டுதானே அவர்கள் போயிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்தால் பொறோ என்றால் கடன் வாங்கு, இரவல் வாங்கு. லெண்ட் என்றால் கடன் கொடு. ஹயர் என்றால் வாடகைக்கு எடு. ரெண்ட் என்றாலும் வாடகைக்கு எடு. இப்படி ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ் என்று பாடமாக்கித்தான் நான் படித்தது. ஆறுதலாக இருந்து யோசித்தால் வருகிறது, ஆள் முன்னால் வந்து நின்றால் எது முதலில் நாக்கில் நிற்கிறதோ அது வந்துவிடுகிறது. படிப்பித்த அனுபவம் உள்ளவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கோ, இந்த மாதிரிச் சோடிச் சொற்களை மனதில் எப்படிப் பிரித்து வைப்பது?

வட்டுக்கோட்டை_ரீச்சர் எழுதியது:

பிள்ளை, 30 வருசத்துக்கு மேல் இங்கிலிஸ் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். இந்தச் சொற்களில் தடுக்கி விழாத ஒரு வகுப்பை நான் காணவில்லை, ஆனபடியால் முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளும்.

தமிழில் இரவல் என்பது ஒரே சொல். வாங்கினால் இரவல் வாங்குவது, கொடுத்தால் இரவல் கொடுப்பது, பின்னால் வருகிற வாங்கு, கொடு என்கிற சொற்கள்தான் பொருள் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டுகின்றன. இங்கிலிஸ்காரருக்கு அந்தப் பக்கம் சொல்லுக்கு உள்ளேயே இருக்கிறது. என் கைக்கு வந்தால் பொறோ, என் கையிலிருந்து போனால் லெண்ட். எங்கட பிள்ளைகள் "ஹீ பொறோட் மீ எ சைக்கிள்" என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான். மனதில் ஓடுவது "எனக்குச் சைக்கிள் இரவல் தந்தார்", அதில் இரவல் என்ற துண்டுக்குப் பொறோவைப் போட்டுவிட்டு, தந்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் உமக்கு வந்தது வேறு சிக்கல். யூ கேன் பொறோ என்று நீர் சொன்னதில் பக்கம் சரிதான், எடுப்பது அவர்கள். அந்தச் சொல்லுக்கு உள்ளே "காசில்லாமல்" என்று ஒன்று இருப்பதைத்தான் கவனிக்கவில்லை. அது எங்கட இரவலுக்குள்ளும் இருக்கிறது, யோசித்துப் பாரும். கலியாண வீட்டுக்குப் போகப் பக்கத்து வீட்டில் அட்டியல் இரவல் வாங்கினால் யாரும் வாடகை கேட்பதில்லை. "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்" என்று சொல்வதும் சும்மா வந்தது, கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்பதால்தான். அந்த அம்மாவிடம் நீர் தமிழில் கதைத்திருந்தால் "இரவலாக எடுங்கோ" என்று உம்முடைய வாயில் வந்திருக்காது, "எடுக்கலாம், நாளுக்கு ஆயிரம்" என்றுதான் வந்திருக்கும். தமிழில் உமக்குத் தெளிவாகத் தெரிந்த விசயம் இங்கிலிஸுக்குப் போகும்போது வழியில் விழுந்துவிட்டது.

ஒரு இடத்தில் மட்டும் அவதானம் வேணும். பொருள் என்றால் பொறோ சும்மா. காசு என்றால் வட்டி இருந்தாலும் பொறோதான், வங்கியில் கடன் எடுப்பதும் பொறோ, அக்காவிடம் கைமாற்றாக 500 ரூபாய் வாங்குவதும் பொறோ. இங்கே தமிழ் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது, கைமாற்று வேறு, கடன் வேறு, இரவல் வேறு. பொது நூலகத்தில் புத்தகம் எடுப்பதும் பொறோ, பிந்திக் கொண்டுபோனால் கட்டுகிற காசு தண்டம், அது வாடகை ஆகாது.

இடத்தைவிட்டு அசையாத பொருளுக்கும் பொறோ ஒத்துவராது. உங்கட ரொயிலற்றைப் பாவிக்கலாமோ என்று கேட்க யூஸ் வேணும்.

இனிப் பாடமாக்குவதைப் பற்றி. சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி வைப்பதை இன்றோடு விடும். சொல்லைத் தனியே வைக்காமல், அதற்கு முன்னும் பின்னும் நிற்கிற சொற்களோடு சேர்த்து எழுதும். பொறோவுக்குப் பின்னால் முதலில் பொருள் வரும், பிறகு ஃப்ரொம் என்று ஆள் வரும். லெண்ட்டுக்குப் பின்னால் ஆள் உடனே வரலாம். ஹயர் வந்தால் அந்த வசனத்தில் எங்கேயோ ஒரு விலை நிற்கும். ஹோன்பி என்ற இங்கிலிஸ்காரர் ஜப்பானில் படிப்பிக்கப் போனவர், அங்கத்தைய மாணவர்கள் எங்களைப் போலவே சொல்லின் கருத்தை அறிந்தும் வசனத்தில் பிழை விடுவதைக் கண்டு, ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் பின்னால் என்ன வரும் என்று காட்டுகிற ஒரு அகராதியை 1942 இல் தோக்கியோவில் வெளியிட்டார். அதையே 1948 இல் ஒக்ஸ்போட் வெளியிட்டது, இன்றைக்குக் கடைகளில் இருக்கிற மாணவர் அகராதி அந்த வழியில் வந்ததுதான். அதில் கருத்தைப் பார்த்துவிட்டு மூடாமல், கீழே சாய்ந்த எழுத்தில் இருக்கிற உதாரண வசனத்தை வாசியும்.

சந்தியடி_ஓட்டோ எழுதியது:

தங்கச்சி, நான் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓட்டோ ஓடுகிறேன். எங்களுக்கு ஹயர் என்ற சொல் ஒரு நாளைக்கு நூறு தரம் வாயில் வரும். "இண்டைக்கு ரெண்டு ஹயர்தான் கிடைச்சது", "ஹயர் ஒண்டு போறன், பேந்து எடுக்கிறன்" என்றுதான் கதைப்பது. வெள்ளைக்காரர் ஒருவரிடம் ஐ ஹாவ் எ ஹயர் என்று சொல்லி அவர் முழித்துக்கொண்டு நின்றதும் ஞாபகம் இருக்கிறது. ரீச்சர், இது பிழையோ? அப்படியே லீசிங்கையும் சொல்லுங்கோ, என்னுடைய ஓட்டோ லீசிங்கில்தான் ஓடுது.

வட்டுக்கோட்டை_ரீச்சர் எழுதியது:

தம்பி, பிழை என்று நான் சொல்லமாட்டேன், அது இலங்கை வழக்கு. எங்கட நாட்டில் ஒரு ஓட்டத்தையே ஹயர் என்கிறோம், கொழும்பிலும் அப்படித்தான். வெளியார் காதுக்கு ஹயர் என்பது காசுக்கு எடுக்கிற செயல், ஓட்டத்துக்கு அவர்கள் ட்ரிப், ரைட் (ride) என்பார்கள். அவருக்கு விளங்க வேணும் என்றால் ஐ ஹாவ் எ பசெஞ்சர் என்று சொன்னால் முடிந்தது.

ஹயருக்கும் ரெண்ட்டுக்கும் வித்தியாசம் நாட்டைப் பொறுத்தது. பிரித்தானிய வழக்கில் கொஞ்ச நேரத்துக்கு, கொஞ்ச நாளுக்கு எடுப்பது ஹயர்: சைக்கிள், மண்டபம், கலியாணத்துக்குக் கோட். மாதக்கணக்கில் வீடு எடுத்தால் ரெண்ட். அமெரிக்கர் இரண்டுக்கும் ரெண்ட் என்றே சொல்வார்கள், அவர்களிடம் ஹயர் என்றால் பெரும்பாலும் ஆளை வேலைக்கு எடுப்பது. ஆனபடியால் விடுதியில் சைக்கிளுக்கு ஹயரும் சரி, ரெண்ட்டும் சரி, இரண்டிலும் காசு இருக்கிறது.

வீடு வாடகைக்கு என்று மதிலில் தொங்குகிற பலகையில் டு லெட் என்று இருக்கும், அது வீட்டுக்காரர் பக்கத்துச் சொல், குடியிருக்க வருகிறவர் லெட் பண்ணமுடியாது. லீஸ் என்பது இத்தனை வருசம் என்று எழுதிக் கையெழுத்து வைக்கிற உடன்படிக்கை. எங்கட ஆட்களுக்கு லீசிங் என்றால் பைனான்ஸ் கம்பனிக்கு மாதா மாதம் கட்டி வாகனத்தைச் சொந்தமாக்குவது. வெளிநாட்டவரோடு கதைக்கும்போது அதை விளக்கித்தான் சொல்ல வேணும், இல்லாவிட்டால் கடைசியில் வாகனம் திரும்பிப் போய்விடும் என்று நினைப்பார்கள்.

சாவகச்சேரி_லெஸ்டர் எழுதியது:

தங்கச்சி, நான் இங்கே இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில் நேர்ஸாக இருக்கிறேன். உங்கட கதையை வாசிக்க என்னுடைய வேலையிடம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. சைக்கிள் என்றால் காசோடு போகும், ஆஸ்பத்திரியில் இந்தச் சோடிச் சொற்கள் ஆளையே அலைக்கழித்துவிடும்.

ஒரு ஐயா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஊரிலிருந்து புதிதாக வந்த மகன் அவசர இலக்கத்துக்கு எடுத்து மை ஃபாதர் இஸ் வூண்டட் என்று சொல்லியிருக்கிறார். மற்றப் பக்கத்தில் இருந்தவர் கேட்ட கேள்வி எல்லாம் வேறு மாதிரிப் போய்விட்டது: யார் செய்தது, கத்தியோ, அவர் இன்னும் அங்கே நிற்கிறாரோ, இரத்தம் எவ்வளவு போகுது. மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஐயாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, இரத்தம் ஒரு துளி வெளியே இல்லை. எங்களுக்குக் காயம் என்று ஒரே சொல். அதுவும் யுத்த காலத்தில் வளர்ந்த எங்களுக்குக் காயப்பட்டவர் என்றால் செல் குண்டு பட்டவர், அந்தக் காயத்துக்கு வூண்டட் சரியான சொல்தான். வூண்ட் என்றால் தோல் திறந்திருக்க வேணும், ஆளைச் சொல்லி வூண்டட் என்றால் ஆயுதம், சண்டை. வழுக்கி விழுந்தது, விளையாட்டில் கால் பிரண்டது, வாகனம் மோதியது, உள்ளே எலும்பு முறிந்தது எல்லாம் இஞ்சரி.

நோவுக்கு வாருங்கோ. ஏக், பெய்ன், சோர், ஹேர்ட் என்று நாலு. ஏக் என்பது விடாமல் மந்தமாக இருக்கிற நோ, அது தலை, பல், வயிறு, காது, முதுகு ஆகியவற்றோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டது. நெஞ்சோடும் முழங்காலோடும் அப்படி ஒட்டாது, செஸ்ற் பெய்ன், நீ பெய்ன் என்றுதான் சொல்வார்கள். சோர் என்றால் தொட்டால், அசைத்தால், விழுங்கினால் நோவது, தொண்டை நோவுக்கு அதுதான். ஹேர்ட் வினைச்சொல், மை லெக் ஹேர்ட்ஸ் என்று சொல்லலாம். பெய்னை வினையாக்கி மை லெக் இஸ் பெய்னிங் என்று நாங்கள் எல்லாரும் சொல்லுவோம், விளங்கிக்கொள்வார்கள், ஆனால் அவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

இதில் எனக்கு மனவருத்தமான ஒன்று இருக்கிறது. எங்கட வயசு போனவர்கள் நோவைச் சொல்வது மாதிரி வேறு ஆட்கள் சொல்லி நான் கேட்டதில்லை. கால் உளையுது, நெஞ்சுக்குள் குத்துது, சலம் போகக் கடுக்குது, வயிறு எரியுது, பல் விண்விண் என்று தெறிக்குது, தலையிடிக்குது. ஒவ்வொன்றும் வேறு வேறு நோ. கூட வந்த பிள்ளை அவ்வளவையும் "ஹீ ஹாஸ் பெய்ன்" என்று ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுவார். டொக்டர் கேட்பதும் இதே வித்தியாசத்தைத்தான்! உளைவு என்றால் டல் ஏக், குத்து என்றால் ஸ்ராபிங், எரிவு பேர்னிங், விண்விண் என்றால் த்ரொபிங். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த நாலையும் தெரிந்துகொண்டு போங்கோ, அவர்கள் தமிழில் சொன்னது அப்படியே டொக்டரிடம் போய்ச் சேரும்.

கொக்குவில்_95 எழுதியது:

நான் கொஞ்சம் மாறாகத்தான் நினைக்கிறேன், கோபிக்க வேண்டாம். இங்கிலிஸ் எங்கட மொழி இல்லை, பொருள் விளங்கினால் போதும். வெள்ளைக்காரர் வந்து "வணக்கம், நான் சாப்பாடு வேணும்" என்று சொன்னால் நாங்கள் சந்தோசப்பட்டுக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு கொடுக்கிறோம், பிழை பிடிக்கிறதில்லை. எங்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பயம்? இப்படிப் பயந்து பயந்துதான் எங்கட பெடியள் நேர்முகப் பரீட்சைக்குப் போய் வாயே திறக்காமல் வருகிறார்கள்.

வட்டுக்கோட்டை_ரீச்சர் எழுதியது:

தம்பி சொல்வதில் பாதிக்கு நான் இரண்டு கையும் தூக்குவேன். உச்சரிப்புக்கும் இலக்கணத்துக்கும் பயந்து வாயை மூடிய பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன், அந்தப் பாவத்தில் எங்களைப் போன்ற ரீச்சர்மாருக்கும் பங்கு இருக்கிறது.

ஆனால் இதையும் யோசியும். "நான் சாப்பாடு வேணும்" என்று சொன்னால் அது பிழையான வசனம் என்று கேட்கிறவருக்கு உடனே தெரிகிறது, அவர் தானாகத் திருத்தி விளங்கிக்கொள்கிறார். இந்தப் பிள்ளை சொன்ன யூ கேன் பொறோ என்ற வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. இலக்கணம் சுத்தம், உச்சரிப்பும் நன்றாகத்தான் இருந்திருக்கும். பிழை என்று காட்டிக்கொடுக்க ஒன்றுமே இல்லாததால் அவர்கள் முழுவதும் நம்பினார்கள். லெஸ்டரில் வூண்டட் என்று கேட்டவரும் அப்படித்தான் நம்பினார். நன்றாகக் கதைக்கிற பிள்ளைக்குத்தான் இது வரும், தட்டித் தடவிக் கதைக்கிறவரிடம் அவர்கள் "காசு கட்டவேணுமோ" என்று திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்தியிருப்பார்கள். எல்லாச் சொல்லுக்கும் பயப்பட வேண்டாம், காசு, உடம்பு, நேரம், வாக்கு, இந்த நாலிலும் வருகிற சொற்களை மட்டும் வடிவாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கோ.

பரமேஸ்வராச்சந்தி_தமிழ் எழுதியது:

தமிழ் படிக்கிற ஆள் நான், இங்கிலிஸ் பற்றி ரீச்சருக்கு முன்னால் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா, சொல்லுக்குள்ளேயே பக்கத்தை வைப்பது எங்களுக்குப் புதிது இல்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்ற மூன்றும் ஒன்று கேட்கும்போது வருகிற சொற்கள் என்று சொல்லி, ஈ என்று கேட்பவன் தாழ்ந்தவன், தா என்பவன் ஒத்தவன், கொடு என்பவன் உயர்ந்தவன் என்று பிரித்திருக்கிறது. இன்னோரிடத்தில் தா, வா இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல், கொடு இரண்டும் படர்க்கைக்கும் என்று இருக்கிறது. முதலாவது பிரிவு வழக்கில் தேய்ந்துவிட்டது, இரண்டாவது யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. எனக்குத் தா, அவருக்குக் குடு. "அவருக்குத் தா" என்று என் மூன்று வயது மருமகள்கூடச் சொல்லமாட்டாள், யாரும் படிப்பிக்கவும் இல்லை. இங்கிலிஸில் இரண்டுக்கும் கிவ் என்று ஒரே சொல், தமிழ் படிக்க வருகிற வெளிநாட்டவர் முட்டுப்படுகிற இடம் இது.

பிரிங், டேக் குழம்பினால் இதையே பிடித்துக்கொள்ளலாம், பிரிங் கொண்டு வா, டேக் கொண்டு போ. ஸ்ரார்ட்டும் கொமென்ஸும் தொடங்குவதுதானே, ஒன்றுதானே என்று கேட்கிறவர்களுக்கு நான் நல்லூர்த் திருவிழாவைத்தான் காட்டுவேன். தீர்த்தமும் தண்ணிதான், ஆனால் தீர்த்தத் திருவிழாவைத் தண்ணித் திருவிழா என்று யாரும் சொல்வதில்லை. கொமென்ஸ் 1066 இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சிலிருந்து உள்ளே வந்த சொல், இன்னும் அரண்மனை உடுப்போடுதான் நிற்கிறது. கூட்ட அழைப்பிதழில் போடலாம், மழை பெய்யத் தொடங்கியதற்குப் போட்டால் பொருந்தாது.

கோண்டாவில்_பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, ரீச்சருக்கும் லெஸ்டர் அக்காவுக்கும் தனியாக. தம்பி சொன்ன தா, குடு விசயத்தை வாசித்துவிட்டு அரைமணித்தியாலம் அம்மாவோடு அதையே கதைத்துக்கொண்டு இருந்தேன்.

ரீச்சர் சொன்ன மாதிரி ஒரு கொப்பி தொடங்கிவிட்டேன். சொல்லுக்குத் தமிழ் எழுதவில்லை, விடுதியில் நான் உண்மையாகச் சொல்ல வேண்டிய வசனத்தை முழுதாக எழுதுகிறேன். அந்த இரண்டு பேருக்கும் மின்னஞ்சல் போட்டு, நான் பாவித்த சொல்தான் பிழை, ஏமாற்ற நினைக்கவில்லை என்று எழுதினேன். நேற்று அந்த அம்மா பதில் போட்டிருந்தா, கீரிமலைக் கேணியில் எடுத்த படம் ஒன்றும் வைத்து.

முதலாளியிடம் கேட்டு வாசலில் ஒரு மட்டையும் தூக்கிவிட்டோம். மேல் வரியில் பைசிக்கிள்ஸ் ஃபோர் ஹயர், அதற்குக் கீழே நாளுக்கு 1000 ரூபாய். ஐப்பசி மழை தொடங்கிவிட்டதால் மூலையில் ஆறு குடையும் வைத்திருக்கிறோம், அதற்கு அம்பிரெல்லாஸ்: ப்ளீஸ் பொறோ என்று எழுதினேன். குடைக்குக் காசில்லை. சரிதானே, ரீச்சர்?

வட்டுக்கோட்டை_ரீச்சர் எழுதியது:

இரண்டும் சரி பிள்ளை. குடை வரியில் கடைசியாக அண்ட் ரிட்டேர்ன் என்று ஒன்றைச் சேர்த்துவிடும், ஆறும் உமக்குத் திரும்பி வரவேணும்.